வாங்கியவர் கையொப்பம்

அண்ணாச்சியிடம் எதை வாங்கினாலும் கையெழுத்துப் போட வேண்டும். ராயபுரத்தில் அவருடைய வீட்டு மாடியில் நாங்கள் பதினான்கு வருடம் குடியிருந்தோம். முதல் நாள் சாவியைக் கொடுத்தவர் கூடவே நீளமான ஒரு நோட்டையும் நீட்டினார். சாவி மூன்று, பிளாஸ்டிக் வாளி ஒன்று, பல்பு இரண்டு என்று அவரே எழுதி வைத்திருந்தார். கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் மகளுக்கு ஒரு கேக் கொடுத்தார். அதற்கும் நோட்டு வந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. பேனாவை வாங்கி ஒரு பூ வரைந்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

“பூ சரிதான் தாயி. ஆனா இது யாரு போட்ட பூன்னு நாளைக்கு எவனாவது கேட்டா?”

அவள் பூவுக்குக் கீழே தன் பெயரை எழுதிய பிறகுதான் கேக் கை மாறியது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்தவர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அவருக்குக் கடை. கயிறு, வலை, தார்ப்பாய், படகுக்கு அடிக்கும் பெயின்ட் எல்லாம் மொத்த வியாபாரம். கடையைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. திருவொற்றியூரில் இரண்டு கிடங்குகள் இருந்தன. காட்டுப்பள்ளி போகிற வழியில், முள்ளும் உப்புமண்ணுமாக யாரும் சீண்டாமல் கிடந்த காலத்தில் வாங்கிப் போட்ட நிலம் இருந்தது. அங்கே சரக்குத் துறைமுகம் வந்த பிறகு அது கன்டெய்னர் நிறுத்துகிற இடமாகி, அதன் மதிப்பை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். அவர் மட்டும் மாநகரப் பேருந்தில்தான் போய்வந்தார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று அவருக்கு. நைலான் நூலால் பொத்தானில் கட்டியிருந்த இன்னொன்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு. போடுகிறவர் அவருடைய நெஞ்சை ஒட்டிக் குனிந்துதான் போட வேண்டும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று, பள்ளி ஆசிரியையான என்னிடம் ஒருமுறை அவரே சொன்னார். பதினெட்டு வயதில் ஒரு கயிற்றுக் கடையில் சுமை தூக்கினாராம். ஒரு படகில் எட்டுச் சுருள் கயிறு இறக்கிவிட்டு வந்தார். வரவே இல்லை என்று படகுக்காரர் சாதித்தார். இறக்கினேன் என்று இவர் மாதாவின் மேல் சத்தியம் செய்தார். முதலாளி அன்று மாலையே இவரை அனுப்பிவிட்டார்.

“குடுத்தவன் வாய் செல்லாது டீச்சர். வாங்கினவன் கைதான் பேசும்,” என்பார். இதை அவர் சொல்லாத வாரம் இல்லை.

துறைமுகத்தில் இதை வைத்து அவரைக் கிண்டல் செய்யாதவர்களும் இல்லை. ஞாயிறு பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கிவிட்டு வெளியே வரும்போது ஒரு படகுக்காரர், எல்லோர் காதிலும் விழும்படி, “இன்னா அண்ணாச்சி, சாமியாரு நன்ம குடுத்தாரே, கையெய்த்து போட்டியா?” என்று கேட்டார். அண்ணாச்சி சிரிக்காமல், “நான்தானே வாங்கினேன், சாமிதான் கேக்கணும். அவரு கேக்கல,” என்றார்.

அவருக்கு மூன்று மகன்கள். மனைவி நாங்கள் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். பெரியவர் கடையைப் பார்த்தார். சின்னவர் அண்ணா நகரில் தனியாக இருந்துகொண்டு நிலத்தையும் கன்டெய்னர் லாரிகளையும் பார்த்தார். நடு மகன் கிடங்குக்குப் பொறுப்பு. படகுகளுக்குக் கயிறு இறக்கப் போன இடத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்து, அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றார். அவள் காசிமேட்டுப் பெண், அப்பா விசைப்படகில் வேலை செய்தார். சகோதரர்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை. அண்ணாச்சி பிடித்தது என்றோ பிடிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் மருமகளுக்கு ஒரு சங்கிலி கொடுத்தார், கொடுத்த கையோடு நோட்டை நீட்டினார். கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் முகம் சுருங்கியது. ஸ்டெல்லா பேனாவை இழுத்து, மாமனாரின் நெஞ்சருகே குனிந்து, கையெழுத்துப் போட்டாள்.

“இன்னா மாமா, சங்கிலிக்கு நோட்டு வெச்சுகினு வந்துட்டீங்க. புள்ளயக் குடுத்தீங்களே, அதுக்கு எங்க போடணும்?”

அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான்கு வருடம் கழித்து எண்ணூர் சாலையில் அவருடைய நடு மகன் மோட்டார் பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்தார். குழந்தை இல்லை. என் கணவரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். பிணவறைக்கு வெளியே ஒரு ஊழியர் அச்சடித்த தாளைக் கொண்டுவந்து, உடலைப் பெற்றுக்கொண்டதாக வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தாள் அண்ணாச்சியிடம்தான் வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொத்தானில் கட்டிய பேனாவைத் தேடுவதுபோல் கை மார்பில் தடவிக்கொண்டே இருந்தது. பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவர் தொலைபேசியோடு வெளியே போனவர் திரும்பவில்லை. ஸ்டெல்லா எழுந்து வந்து தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு மாமனாரின் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

அம்மா வீட்டுக்குப் போகிறாயா என்று அவளை எல்லோரும் கேட்டார்கள். அவள் போகவில்லை. கணவர் உட்கார்ந்த நாற்காலியில் கிடங்கில் போய் உட்கார்ந்தாள். லாரிக்காரர்களோடு அவள் சண்டை போடும் சத்தம் சாலை வரை கேட்கும். அண்ணாச்சிக்குச் சர்க்கரை அதிகமாகிக் காலில் ஆறாத புண் வந்தபோது, தினமும் காலையில் கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அவர் வலியில் ஏதாவது திட்டுவார். “காலு உங்குளுதா என்னுதா மாமா? என்னுதுன்னா கத்தாதீங்க, உங்குளுதுன்னா கால நீட்டுங்க,” என்பாள். ஆறேழு வருடம் அப்படி ஓடிற்று.

கொரோனாவுக்கு அடுத்த வருடம் அவருடைய ஆடிட்டர் வற்புறுத்தத் தொடங்கினார். இவ்வளவு சொத்து இருக்கிற குடும்பம் எதையும் எழுதி வைக்காமல் இருக்கக் கூடாது, முறையாக உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள், முடிந்தால் ஒரு டிரஸ்ட் போடுங்கள் என்றார். தன் அலுவலகத்திலிருந்து இளைஞர் ஒருவரை லேப்டாப்போடு கடைக்கு அனுப்பினார். அவர் ஒன்றரை மணி நேரம் விளக்கினாராம். அன்று மாலை அண்ணாச்சி அதை எங்களிடம் ஒரு நகைச்சுவையாகச் சொன்னார்.

“எல்லாம் நல்லாத்தான் சொன்னான் டீச்சர். இதுல வாங்குறவன் எங்கலே கையெழுத்துப் போடணும்னு கேட்டேன். போடவே கூடாதுங்கான். இவன் படிச்சவன். வாங்குறவன் போடாத தாளு ஒரு தாளா?”

நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த இளைஞர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைக் கீழே கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி இரண்டு மகன்களும் ஸ்டெல்லாவும் உட்கார்ந்திருந்தார்கள். என் எழுத்து அச்சுப்போல் இருக்கிறது, அவர் சொல்லச் சொல்ல அவருடைய உயிலை நான் எழுத வேண்டும் என்றார். ஒரு வக்கீலிடம் காட்டிவிடலாமே என்று கேட்டேன். ஒரே ஒரு முறை கேட்டேன். வேண்டாம் என்றார். நான் பேனாவை எடுத்தேன். பள்ளியில் இருபது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்ற பெருமையும் அதில் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கடையும் கிடங்குகளும் பெரியவருக்கு. காட்டுப்பள்ளி வழியில் உள்ள நிலமும் லாரிகளும் சின்னவருக்கு. மாடியோடு சேர்த்து இந்த வீடு ஸ்டெல்லாவுக்கு. எழுதி முடித்ததும் என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். வீடு என்ற இடம் வந்தபோது சின்னவர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா என்ன நினைக்கிறார் என்பது அந்த மேசையில் இருந்த ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். சாட்சிகள் என்று எழுதி இடம் விடச் சொன்னார்.

சாட்சி யார் என்ற பேச்சு வந்ததும் ஸ்டெல்லாதான், “டீச்சரும் சாரும் போடட்டுமே மாமா, மேலதானே கீறாங்க,” என்றாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “டீச்சர் இதுல என்ன வாங்குறாங்க? ஒண்ணுமில்ல. சாட்சின்னா யாரு, பாத்தவன். வாங்குறவன விடப் பாத்தவன் எவன்? நாளைக்கு நீங்க மூணு பேரும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது. நீங்களே போடுங்க.”

மூவரும் போட்டார்கள். பெரியவர், சின்னவர், ஸ்டெல்லா என்ற வரிசையில், ‘சாட்சிகள்’ என்று நான் எழுதிய சொல்லுக்குக் கீழே.

எனக்கு அப்போது மனதிலிருந்து ஒரு சுமை இறங்கியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதிவந்தேன். பணக்கார வீட்டுச் சொத்தில் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று நான் மேசையில் உட்கார்ந்தது முதலே பயந்துகொண்டிருந்தேன். மகளுக்கு அது பிளஸ் டூ வருடம். சின்னவருக்குக் கோபம் வந்தால் எங்களை மாடியைக் காலி செய்யச் சொல்லலாம். அண்ணாச்சி என்னை வேண்டாம் என்று சொன்னபோது, நல்லவேளை என்றிருந்தது. மேலே வந்து கணவரிடமும் அப்படியே சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து அண்ணாச்சி இறந்தார். தூக்கத்தில், அதிகம் கஷ்டப்படாமல். முதல் சில மாதம் எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. பிறகு சின்னவர் நிலத்தை ஒரு கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்கு விட ஏற்பாடு செய்தார். கம்பெனியின் வக்கீல் பத்திரங்களைக் கேட்டார். உயிலைப் பார்த்துவிட்டு, சாட்சிகள் மூன்று பேரும் யார் என்று கேட்டார்.

ஒரு மதியம் ஸ்டெல்லா நகல் தாளோடு மாடிக்கு வந்தாள்.

“டீச்சர், இது உங்க எய்த்து. எதுனா தப்பா எய்திட்டீங்களான்னு கொஞ்சம் பாருங்க. வூடு எனக்கு இல்லன்னு சொல்றாங்க.”

நான் மூன்று முறை படித்தேன். ஒரு ஒற்றுக்கூடத் தவறவில்லை.

பாரிமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீலிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கான வாரிசுச் சட்டப்படி, உயிலில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலில் எழுதி வைத்தது சேராது என்றார். கையெழுத்து செல்லும், எழுதிவைத்த சொத்துதான் செல்லாது. அப்படியென்றால் மகன்களுக்கும் இல்லையே என்று கேட்டேன். அவர்களுக்கும் இல்லைதான். ஆனால் உயிலே எழுதாமல் இறந்தவரின் சொத்துபோல இது பிள்ளைகளுக்குப் போகும். இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வார்கள். குழந்தையில்லாமல் முன்பே இறந்துபோன மகனின் மனைவிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

“மூணு பேரும் போட்டாங்க. ரெண்டு பேருக்கு ஒண்ணும் ஆகல,” என்றார் வக்கீல். “இவங்களுக்குப் பதிலா வெளி ஆளுங்க ரெண்டே பேர் போட்டிருந்தா போதும்மா.”

வழக்குப் போடலாம், வருடக்கணக்கில் ஆகும், நம்பிக்கை தர முடியாது என்றும் சொன்னார். அவருக்கு மிச்சமிருந்த ஒரே யோசனை, சகோதரர்கள் தாங்களாக மனம்வந்து அவளுக்கு எழுதிக் கொடுப்பது.

பெரியவர் ஒரு மாலை வந்து ஸ்டெல்லாவின் எதிரில் உட்கார்ந்து அழுதார். அப்பா சொன்னதை என் காதால் கேட்டேன், என் பாதியை உனக்கு எழுதித் தருகிறேன் என்றார். மறுவாரம் வந்து, தம்பி ஒத்துக்கொண்டால்தான் முடியும் என்றார். அதற்கு அடுத்த வாரம் அவர் வரவில்லை. சின்னவர் மாடிக்கே வந்து என்னிடம் நிதானமாகப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கிறார்கள், லாரிக் கடன் இருக்கிறது, எங்களைப்போல அவருக்கும் பயம்தான்.

“அப்பா எழுதினத நான் மதிக்கலன்னு மட்டும் நெனக்காதீங்க டீச்சர். அப்பா ஆசப்பட்டது வேற, சட்டம் வேற. அவரு ஆடிட்டர் பேச்சக் கேட்டிருந்தா நான் இன்னிக்கு வாயத் தொறக்க முடியுமா?”

அது உண்மைதான்.

வீடு விலைக்குப் போயிற்று. ஸ்டெல்லாவுக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். அது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. நாங்களும் காலி செய்து தண்டையார்பேட்டையில் நாங்கள் கடனில் வாங்கியிருந்த சின்ன ஃபிளாட்டுக்குப் போனோம். உயில் என்பது அண்ணாச்சி மாதிரி பெரிய சொத்துக்காரர்களின் தலைவலி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த இரண்டு படுக்கையறை ஃபிளாட்டும் என் கொஞ்ச நகையும் எனக்கும் அதே தலைவலியாகிவிட்டன. அதே பாரிமுனை வக்கீலிடம் போய் எங்கள் உயிலை எழுதினோம். எங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு ஆசிரியர்களைச் சாட்சிக்குக் கூட்டிப்போனேன். பதிவும் செய்தோம். மகள், “ஏம்மா, சாகப் போறவ மாதிரி பேசற?” என்று கோபித்துக்கொண்டாள். அவளையும் அவள் தம்பியையும் உட்கார வைத்து, யாருக்கு என்ன, ஏன் என்று வாயாலும் சொன்னேன். இருவரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். கேட்டார்களா என்று இன்னமும் தெரியவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது பீரோவைத் திறந்து, அந்த உறை இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அண்ணாச்சியை நினைத்தால் சில நாள் கோபம் வருகிறது. அத்தனை பேரைச் சந்தேகப்பட்டவர், தன் பழக்கத்தை ஒரு தரமாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் நினைவுக்கு வந்தால் கோபம் நிற்பதில்லை. அவர் ஸ்டெல்லாவுக்கு ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த பூட்டுகளிலேயே பலமானதை எடுத்து அவள் வீட்டுக்குப் போட்டார்.

சென்ற மாதம் அவருடைய நினைவுப் பூசைக்குப் போனேன். மகன்கள் இருவரும் முன் வரிசையில் இருந்தார்கள். ஸ்டெல்லா பின்னால், தூண் அருகே இருந்தாள். முடிந்ததும், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னைக் காலடிப்பேட்டைக்குக் கூட்டிப்போனாள். முதல் மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை. கிடங்கையும் விட்டுவிட்டு, காசிமேட்டில் ஒரு வலைக் கடையில் வேலைக்குப் போகிறாள். முன்பு அவளிடம் சரக்கு வாங்கியவர்தான் இப்போது அவளுக்கு முதலாளி. அதைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரலில் ஒன்றுமில்லை, களைப்புத்தான் இருந்தது. மாமா மேல் வருத்தமா என்று கேட்டேன். “அந்தாளு மேல இன்னா வருத்தம். காலு வலிக்கிதுன்னு கத்துவாரே, அதுதான் காதுல கேட்டுகினே கீது,” என்றாள்.

வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தாள். அவள் வருமானத்துக்கு அது அதிகம். சோற்றைப் போட்டு எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு வருடமாகச் சொல்லத் தள்ளிக்கொண்டு வந்ததை அப்போது சொன்னேன்.

“நாங்க போட்டிருக்கணும் ஸ்டெல்லா. நீ அன்னிக்கே சொன்ன. நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா அண்ணாச்சி கேட்டிருப்பார்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“போட்டிருந்தீங்கன்னே வெச்சுக்குவோம். அப்பவும் சின்னவரு கேசு போட்டிருப்பாரு. வூட்டக் காலி பண்ணுன்னு உங்கள பேஜார் பண்ணியிருப்பாரு. பொண்ணு பரீட்ச வேற. அதயெல்லாம் தாண்டி, கோர்ட்டுல ஏறி எனக்கோசரம் சொல்லியிருப்பீங்களா டீச்சர்?”

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். சொல்லியிருப்பேன் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

“சோறு ஆறுது,” என்றாள் ஸ்டெல்லா, என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தபடி.